முதுகைப் பார்க்காமல் மெத்தை வாங்காதீர்கள்



சில மாதங்களாக நான் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு தப்பு செய்துவிட்டேன். அதை எழுதாமல் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி குதிரையேற்றம் கற்றுக்கொள்வது உங்களில் பலருக்குத் தெரியும். படங்கள் போட்டிருக்கிறேன். கோவைக்கு வெளியே என் பழைய மாணவன் ஒருவன் நடத்தும் பயிற்சி இடம். அவன் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் கூச்சப்படுவான். அங்கே மின்னல் என்று ஒரு பெண் குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றது. வந்த புதிதில் விலா எலும்பு தெரிய ஒல்லியாக இருந்தது. நல்ல தீனியும் அளவான வேலையும் கிடைத்ததும் எட்டு மாதத்தில் தோளும் முதுகும் திரண்டு பார்க்கவே அழகாகிவிட்டது. பேத்திக்கு அதன் மேல் உயிர்.

தை மாதம் அவளுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள். "என்ன வேணும் கண்ணு?" என்று கேட்டேன். "அப்புச்சி, மின்னலுக்கு ஒரு ஹாஃப் பேட் வாங்கித் தாங்க" என்றாள். தனக்கென்று கேட்காமல் குதிரைக்குக் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமை. ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து, இருப்பதிலேயே தடிமனாகப் பார்த்து, ஜெல் வைத்தது ஒன்றை வாங்கினேன்.

ஹாஃப் பேட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குதிரையின் முதுகில் முதலில் ஒரு துணி விரிப்பார்கள். அதன் மேல் சேணம். இந்த இரண்டுக்கும் நடுவே, சேணம் உட்காரும் அளவுக்கு மட்டும் வெட்டிய ஒரு சிறு மெத்தையை வைப்பதுண்டு. அதுதான் ஹாஃப் பேட். ஆட்டுரோமத் தோல், ஜெல், ஃபோம், கம்பளி ஃபெல்ட் என்று பல பொருள்களில் வருகிறது. வேண்டிய இடத்தில் உயரம் கூட்ட, பை வைத்துத் தைத்து உள்ளே தகடு செருகும் வகையும் உண்டு. அந்தத் தகட்டுக்கு ஷிம் என்று பெயர்.

நான் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவன். அழுத்தம் என்றால் என்ன? விசை வகுத்தல் பரப்பு. கூர்மையான ஆணி சுவரில் இறங்கும், மழுங்கிய ஆணி இறங்காது. உங்கள் எல்லோருக்கும் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம். மெத்தை வைத்தால் பாரம் பரவும், பாரம் பரவினால் அழுத்தம் குறையும், குதிரைக்குச் சுகம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, அங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்த மெத்தை வந்ததுல இருந்து இது சரியில்லீங்க. பட்டை இறுக்கப் போனா காதைப் பின்னால மடிக்குது. நேத்து என் கையைக் கடிக்க வந்துச்சுங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "மெத்தை போட்டா வலி குறையும்ங்க, கூடாது. வேற ஏதாவது காரணம் இருக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

இன்னும் ஒரு வாரம் போனது. கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் குதிரைக்கு ஒரு மேடு இருக்கும். ஆங்கிலத்தில் விதர்ஸ் என்பார்கள். நான் தோள்மேடு என்று சொல்கிறேன். மின்னலின் தோள்மேட்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். கை வைத்தால் உடம்பு முழுக்கச் சிலிர்த்து ஒதுங்கியது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். ஆறு வாரத்துக்கு முதுகில் ஒரு துணிகூடப் போடக்கூடாது என்றார். பேத்தி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

என்ன நடந்தது என்பதைப் பிறகு பெங்களூரிலிருந்து வந்த, சேணம் பொருத்தம் பார்க்கும் ஒரு பெண்மணி விளக்கினார். அவர் செய்த முதல் வேலை, மெத்தை, துணி எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு வெறும் முதுகைப் பார்த்ததுதான். வளையும் அளவுகோல் ஒன்றைத் தோள்மேட்டின் மேல் அழுத்தி, அந்த வளைவை அப்படியே காகிதத்தில் வரைந்தார். பிறகு சேணத்தின் உட்புறத்தை அதோடு ஒப்பிட்டார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சேணம் குறுகல்.

சேணத்துக்குள்ளே மரத்தாலோ, பிளாஸ்டிக் போன்ற பொருளாலோ ஆன ஒரு எலும்புக்கூடு இருக்கிறது. ட்ரீ என்பார்கள். அதன் அகலம் குதிரையின் தோள் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். மின்னல் ஒல்லியாக வந்தபோது அந்தச் சேணம் சரியாகத்தான் இருந்தது. எட்டு மாதத்தில் குதிரை திரண்டது, சேணம் திரளவில்லை. ஏற்கெனவே இறுக்கமாகிக்கொண்டிருந்த இடத்தில்தான் நான் ஒரு அங்குல மெத்தையைத் திணித்தேன். இறுக்கமான செருப்புக்குள் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் அந்தக் குதிரைக்குச் செய்திருக்கிறேன்.

என் இயற்பியல் எங்கே தவறியது தெரியுமா? விசை வகுத்தல் பரப்பு என்பதில் பரப்பை மட்டும் பார்த்தேன். விசை எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று பார்க்கவில்லை. பேத்தியின் எடை மட்டும்தான் விசை என்று நினைத்துக்கொண்டேன். குறுகலான சேணம் ஒரு கிடுக்கி. உள்ளே தடிமன் கூடக் கூட அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அது போதாதென்று, மெத்தை வைத்ததால் சேணம் பக்கவாட்டில் ஆடியது. ஆடுகிறதே என்று வயிற்றுப்பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கினார்கள். அதுவும் விசைதான்.

கணக்காகவே பார்ப்போம். பேத்தியும் சேணமும் சேர்ந்து 50 கிலோ. அது 1000 சதுர சென்டிமீட்டரில் சீராகப் பரவினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம். அதே பாரம் தோளுக்கருகே 50 சதுர சென்டிமீட்டரில் மட்டும் இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. இருபது மடங்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, நடப்பது இதுதான். படுக்கையில் விழுந்த பெரியவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், ஒரே இடத்தில் அழுத்தம் தொடர்ந்தால் ரத்த ஓட்டம் தடைபட்டுப் புண்ணாகிவிடும். குதிரையின் முதுகும் தோலும் சதையும்தானே.

இந்த அனுபவத்துக்குப் பிறகு நிறைய விசாரித்தேன், படித்தேன். அதிலிருந்து எனக்கு ஒரு உறுதியான கருத்து வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஹாஃப் பேட் என்பது பொருத்தமான சேணத்துக்குக் கொஞ்சம் உதவி செய்யும் பொருள். பொருந்தாத சேணத்துக்கு மருந்து இல்லை. நம் ஊரில் அதை மருந்தாகத்தான் விற்கிறார்கள், மருந்தாகத்தான் வாங்குகிறோம். மெத்தை இணையத்தில் மறுநாளே வந்துவிடும். சேணம் பார்க்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து வரவழைக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. எளிதில் கிடைப்பதை வாங்கி, கடினமானதைச் செய்யாமல் விட்டுவிடுகிறோம். முதுகு வலிக்கிறதா, ஒரு மெத்தை போடு. இன்னும் வலிக்கிறதா, இன்னும் தடிமனாகப் போடு. இது வைத்தியம் இல்லை. வலியின் மேல் போர்வை போர்த்துவது.

ஆங்கிலேயர்கள் சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பை நம்னா என்கிறார்கள். அது நம் நாட்டிலிருந்து போன சொல். உருதுவில் நம்தா என்றால் கம்பளியை அழுத்திச் செய்த ஃபெல்ட். வியர்வையை உறிஞ்சவும், உராய்வைத் தடுக்கவும் ஒரு விரிப்பு போதும் என்பது பழையவர்கள் கண்ட அளவு. நாம்தான் அதைத் தடிமனாக்கிக்கொண்டே போகிறோம். இன்னொரு வேடிக்கை, சேணத் தொழிலுக்குக் கான்பூர் பேர்போன ஊர். 1860களிலேயே அங்கே அரசு சேணத் தொழிற்சாலை வந்துவிட்டது. இன்றும் அங்கிருந்து வெளிநாடுகளுக்குச் சேணம் போகிறது. செய்து அனுப்பத் தெரிந்த நாடு, பொருத்திப் பார்ப்பதற்கு ஆள் தேடி அலைகிறது.

நம் பக்கத்துக்கு இது புதுக் கதையும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். ஆண்டுதோறும் கடல் வழியாக ஏராளமான குதிரைகளைப் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்கிறார். வாங்கத் தெரிந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. எழுநூறு வருடம் கழித்து நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

இதற்கு மறுப்பு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒன்று, குதிரையின் முதுகு மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுச் சேணம் வாங்க முடியுமா? முடியாதுதான். அதனால்தான், உடம்பு தேறிவரும் குதிரைக்குச் சேணத்தைச் சற்று அகலமாகவே தேர்ந்தெடுத்து, ஷிம் வைத்த மெத்தையால் இடைவெளியை நிரப்பி, சதை பிடிக்கப் பிடிக்க ஷிம்மை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். இது சரியான பயன்பாடு. ஆனால் இதிலும் அடிப்படை ஒன்றுதான். சற்று அகலமான சேணத்தை மெத்தை சரிசெய்யும். குறுகலான சேணத்தை எந்த மெத்தையாலும் சரிசெய்ய முடியாது. உள்ளே ட்ரீ உடைந்திருந்தாலும் அப்படியே.

இரண்டாவது, கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பொத் பொத்தென்று உட்காருவார்கள், அந்த அதிர்ச்சியையாவது மெத்தை தாங்குமே என்பார்கள். கொஞ்சம் தாங்கும். ஆனால் அதற்கு உண்மையான தீர்வு பிள்ளைக்கு உட்காரக் கற்றுக்கொடுப்பது. நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிட்டு, கடிவாளம் இல்லாமல் உட்காரப் பழக்கும் வகுப்புகள் உண்டு. அதற்கு இரண்டு மாதம் கூடுதலாகக் கொடுத்தால் நல்லது.

சரி, எல்லாம் பார்த்த பிறகும் மெத்தை தேவை என்றே வைத்துக்கொள்வோம். எதை வாங்குவது? கடைக்காரர் சொல்லாத சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் சேணத்தை வெறும் முதுகில் வைத்துப் பாருங்கள். முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் புக வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் இடைவெளி இருக்க வேண்டும். முதுகெலும்பின் மேல் சேணம் எங்கேயும் படக்கூடாது. அதற்காகத்தான் சேணத்தின் நடுவே வாய்க்கால் போல ஒரு இடைவெளி விட்டிருக்கிறார்கள். இருபுறத் திண்டுகளுக்கும் முதுகுக்கும் நடுவே கையை நுழைத்து முன்னிருந்து பின்வரை நகர்த்திப் பாருங்கள். ஒரே சீராக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் மட்டும் தொட்டு நடுவில் பாலம் போல நின்றால் பொருத்தமில்லை. சேணத்தின் பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. குதிரைக்குப் பதினெட்டு ஜோடி விலா எலும்பு. அதற்குப் பின்னால் இருக்கும் இடுப்பு பாரம் தாங்குவதற்கான இடம் இல்லை.

இதில் தேறிய சேணத்துக்கு மெத்தை வாங்கினால், தேவையை நிறைவேற்றும் மெத்தைகளில் ஆக மெல்லியதை வாங்குங்கள். தட்டையாக ஒரே துண்டாக இருப்பதை வாங்காதீர்கள். தோள்மேட்டுக்கு ஏற்ப வளைவாக வெட்டி, முதுகெலும்பின் மேல் கனமில்லாமல் தைத்ததாக இருக்க வேண்டும். பட்டை கட்டும் முன் மெத்தையை மேலே இழுத்துச் சேணத்தின் வாய்க்காலுக்குள் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது முதுகெலும்பின் மேல் முறம் மாதிரி இழுத்துக் கட்டிக்கொண்டு அழுத்தும்.

பொருளைப் பற்றி. ஆட்டுரோமத் தோல் காற்றோட்டமானது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் நனைந்தது போலத் தெரியாது. நம் வெயிலுக்கு நல்லதுதான். விலை அதிகம், காய நேரமாகும். கம்பளி ஃபெல்ட் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் வடிவம் கெடாமல் நிற்கும். எனக்குக் கேட்டால் அதுவே முதல் தேர்வு. மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகி அமுங்கும். கையால் அமுக்கும்போது சொகுசாக இருப்பது, பாரம் ஏறியதும் ஒன்றுமில்லாமல் தட்டையாகிவிடலாம். ஜெல் வியர்வையை உறிஞ்சாது, சூட்டை வெளியே விடாது, கனமும் கூட. நம் சித்திரை வெயிலில் ரப்பர் பாயில் படுத்த மாதிரி.

ஆட்டுரோமம் என்று சொல்லி நைலான் ரோமத்தையும் விற்கிறார்கள். ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய வாடை வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி. உருகி மணியாகத் திரண்டால் செயற்கை. ஒன்பதாம் வகுப்பில் நாம் செய்த சோதனைதான், மறந்திருக்க மாட்டீர்கள்.

வாங்குவது பாதி வேலை. மீதிப் பாதி பராமரிப்பு. இதில்தான் நம்மவர்கள் கோட்டைவிடுகிறார்கள். குதிரையின் வியர்வை நம் வியர்வையைவிட உப்பு அதிகமானது. அதில் லாதரின் என்ற ஒரு புரதமும் இருப்பதால்தான் சோப்பு போட்டது போல நுரைக்கிறது. அந்த உப்பும் அழுக்கும் உதிர்ந்த முடியும் மெத்தையில் காய்ந்தால் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். மென்மைக்காக வாங்கியதே தோலைத் தேய்த்துப் புண்ணாக்கும்.

எனவே ஒவ்வொரு முறையும் சேணத்தை இறக்கியதும் மெத்தையைத் தனியாக எடுத்து, ஈரமான பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் காற்றோட்டமாகப் போடுங்கள். சேணத்துக்கு அடியிலேயே மடித்து வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். மழைக்காலத்தில் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும். காய்ந்ததும் பிரஷ்ஷால் முடியை எடுத்துவிடுங்கள். கம்பளியைத் துவைக்கும்போது சாதாரண சலவைத்தூள் வேண்டாம். அதில் பல வகைகளில் புரதக் கறையைக் கரைக்கும் நொதிகள் சேர்த்திருப்பார்கள். கம்பளியும் புரதம்தான், கறையோடு சேர்த்துக் கம்பளியையும் தின்றுவிடும். கம்பளிக்கென்று விற்கும் மிதமான திரவத்தில், குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். சோப்பு துளிகூட மிஞ்சக்கூடாது; மிஞ்சினால் குதிரைக்கு அரிக்கும். முறுக்கிப் பிழியாதீர்கள். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். தட்டையாக நிழலில் உலர்த்தி, லேசாக ஈரம் இருக்கும்போதே ரோமத்தைச் சீவிவிடுங்கள்.

ஷிம் இருந்தால் துவைக்கும் முன் வெளியே எடுத்து, எது இடது எது வலது என்று குறித்துவையுங்கள். மாற்றிச் செருகினால் சேணம் ஒரு பக்கம் சாயும். ஜெல்லை மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்துத் தட்டையாக வையுங்கள். மடித்தால் மடிப்பு நின்றுவிடும். நடுவில் அமுங்கி எழும்பாத ஃபோமைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். முக்கியமாக, ஒரு மெத்தையை ஒரு குதிரைக்குத்தான் பயன்படுத்த வேண்டும். படர்தாமரை குதிரைக்கும் வரும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் துணி வழியாகவே போகும், நமக்கும் தொற்றும்.

இதெல்லாம் செய்தாலும் கடைசித் தீர்ப்பு குதிரையுடையது. அது பேசாது என்கிறோம். பேசிக்கொண்டுதான் இருக்கிறது. சூ டைசன் என்ற கால்நடை மருத்துவர், ஆள் ஏறியிருக்கும்போது குதிரை வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். காதைப் பின்னுக்கு மடிப்பது, வாலை விசிறுவது, வாயைத் திறப்பது, அடிக்கடி தடுமாறுவது இப்படி. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் குதிரைக்கு வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவருடைய ஆய்வு. சேணத்தை இறக்கிய பிறகும் பாருங்கள். முதுகெல்லாம் வியர்த்திருக்க நடுவே ஓரிடம் மட்டும் உலர்ந்திருந்தால், அங்கே அழுத்தம் அதிகமா என்று விசாரியுங்கள். முடி சுழன்று கலைந்திருந்தால் சேணம் ஆடுகிறது. தோள்மேட்டின் பக்கத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தால், அது பழைய காயத்தின் கையெழுத்து. முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் அழுத்தத்தில் சேதமாகிவிட்டன என்று அர்த்தம்.

மின்னலுக்கு அந்த வெள்ளை முடி முளைத்துவிட்டது. இரண்டு பக்கமும், ஒரு ரூபாய் அகலத்துக்கு. பழுப்பு உடம்பில் தூரத்திலிருந்தே தெரிகிறது. சித்திரையில் அகலமான வேறு சேணம் வந்து, பேத்தி மறுபடியும் ஏறுகிறாள். மெல்லிய பருத்தித் துணி மட்டும்தான் போடுகிறார்கள். பட்டை கட்டும்போது இப்போது காதை மடிப்பதில்லை. ஆனால் அந்த வெள்ளை அனேகமாகப் போகாது என்கிறார் மருத்துவர். ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்க்கிறேன். என் விடைத்தாளில் யாரோ சுண்ணாம்பில் போட்ட சுழி மாதிரி இருக்கிறது.

என்னை உறுத்துவது இரண்டு விஷயம். முப்பத்து நான்கு வருடம் உங்களிடம் "முதலில் கவனி, பிறகு சூத்திரத்தைப் போடு" என்று சொன்னவன், கவனித்தவர் வந்து சொன்னபோது சூத்திரத்தைக் காட்டி அவர் வாயை அடைத்தேன். அந்தப் பெரியவர் பத்தாவதுகூடப் படிக்கவில்லை. அவர் தினமும் அந்த முதுகைத் தொட்டுத் துடைப்பவர். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க சார், உங்களுக்கென்ன தெரியும்ங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். உண்மையும் அதுதான்.

இரண்டாவது, என் மாணவன். "உனக்குத் தெரியாதாப்பா? ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "தடிமனா இருக்கேன்னு தோணுச்சு சார். சார் ஆசையா வாங்கிட்டு வந்ததை எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு..." என்று இழுத்தான். எனக்கு நெஞ்சில் குத்தியது. அவனுக்கு மரியாதை கற்றுக்கொடுத்தோம். மறுத்துச் சொல்லக் கற்றுக்கொடுத்தோமா? நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொண்டோம். அதற்கு விலை கொடுத்தது வாயில்லாத ஜீவன்.

உங்களில் சிலர் பிள்ளைகளைக் குதிரையேற்றத்துக்கு அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறீர்கள், வெளிநாட்டிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. மெத்தை வாங்கும் முன், இந்தச் சேணத்தை இந்தக் குதிரைக்குக் கடைசியாக எப்போது பொருத்திப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் மெத்தைக் காசை அதற்குக் கொடுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்தால் வெளியூரிலிருந்து ஆளை வரவழைப்பது பெரிய செலவில்லை. இரண்டாவது, பிள்ளைக்குச் சவாரி செய்ய மட்டும் கற்றுக்கொடுக்காதீர்கள். இறங்கிய பிறகு முதுகைத் தடவிப் பார்க்கவும், மெத்தையைத் துவைத்து உலர்த்தவும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். அதைச் செய்யாத பிள்ளைக்கு அடுத்த வாரம் சவாரி இல்லை என்று சொல்லுங்கள். மூன்றாவது, குதிரைகளைப் பார்த்துக்கொள்பவரிடம் பேசுங்கள். அவர் சொல்வதைக் கேட்ட பிறகு கடைக்குப் போங்கள்.

பயிற்சி இடம் நடத்துபவர்களுக்கும் ஒன்று. பெற்றோர் ஆசையாக எதையாவது வாங்கிக்கொண்டு வந்து நின்றால், வாங்கிக்கொண்டு சிரிக்காதீர்கள். "இது இந்தக் குதிரைக்கு வேண்டாம்" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உங்கள் பழைய வாத்தியாராகவே இருந்தாலும் சொல்லுங்கள்.

அந்த ஒன்பதாயிரம் ரூபாய் மெத்தை எங்கே என்று கேட்பீர்கள். என் சாய்வு நாற்காலியில் கிடக்கிறது. அதன் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அரை மணி நேரத்துக்கு மேல் சூடு தாங்க முடியவில்லை.

தவறு இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். சார் எழுதியதாயிற்றே என்று தயங்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்